வரைகலை இயக்கிச் சோதனைகளில் எச்ச நிலையைத் தனிமைப்படுத்தல்

வரைகலை இயக்கிச் சோதனைத் தனிமைப்படுத்தல் என்பது, கணினியின் வரைகலைச் செயலியை இயக்கும் மென்பொருளைத் தானியங்கி முறையில் சோதிக்கும்போது, ஒரு சோதனை விட்டுச்சென்ற மிச்சம் அடுத்த சோதனையின் முடிவைப் பாதிக்காமல் பார்த்துக்கொள்ளும் நடைமுறைகளைக் குறிக்கும். அந்த மிச்சம் எச்ச நிலை எனப்படும். மாற்றப்பட்டுத் திருப்பி வைக்கப்படாத ஓர் அமைப்பு, அழிக்கப்படாத நினைவகப் பகுதி, வட்டில் சேமிக்கப்பட்ட கோப்பு, தொங்கி நின்ற வன்பொருள் ஆகிய எதுவும் எச்ச நிலையாகலாம்.

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செய்முறையில் இதற்கு நல்ல ஒப்புமை உண்டு. உப்புப் பகுப்பாய்வில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலைச் சேர்த்ததும் வெண்ணிற வீழ்படிவு தோன்றினால் குளோரைடு இருப்பதாக மாணவர் முடிவு செய்கிறார். சோதனைக் குழாயை அதற்கு முன் குழாய்த் தண்ணீரில் மட்டும் அலசியிருந்தால், அந்தத் தண்ணீரில் உள்ள குளோரைடே வீழ்படிவைத் தந்துவிடும். உப்பில் குளோரைடு இல்லாமலேயே விடை "உண்டு" என்றாகிவிடுகிறது. அதனால்தான் காய்ச்சி வடித்த நீரால் கழுவச் சொல்கிறார்கள். வரைகலை இயக்கிச் சோதனையிலும் இதே சிக்கல்தான். ஆனால் இங்கே கழுவ வேண்டிய பாத்திரங்கள் பல அடுக்குகளில் இருக்கின்றன.

பின்னணி

வரைகலை இயக்கி என்பது விளையாட்டு, உலாவி, காணொளி இயக்கி போன்ற செயலிகளுக்கும் வரைகலை வன்பொருளுக்கும் இடையே நிற்கும் மென்பொருள். லினக்ஸ் கணினிகளில் இது இரண்டு பகுதிகளாக இருக்கும். ஒன்று கருனிக்குள் (கெர்னல்) இருந்து நினைவகத்தையும் திரையையும் நிர்வகிக்கிறது. மற்றொன்று பயனர் பகுதியில் இருந்து ஓப்பன்ஜிஎல், வல்கன் ஆகிய இடைமுகங்களின் கட்டளைகளை வன்பொருளுக்குப் புரியும்படி மாற்றுகிறது. இந்த இரண்டாம் பகுதிக்குப் பெரிதும் பயன்படுவது மெசா என்னும் கட்டற்ற மென்பொருள். பிரையன் பால் 1993இல் இதை எழுதத் தொடங்கினார். முதல் வெளியீடு 1995இல் வந்தது.

தமிழ்நாட்டுக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. 2005இல் சென்னை சி-டாக் நிறுவனமும், குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் இணைந்து கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தத் தொடங்கின. அந்த முயற்சியில் உருவான பாஸ் லினக்ஸ், டெபியன் இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்டது. டெபியனின் வரைகலைக்கு அடித்தளமாக இருப்பது மெசா. ஆகவே மெசாவின் சோதனையில் தவறாகத் தேர்ச்சி பெற்ற ஒரு பிழை, சில மாதங்கள் கழித்து ஒரு பள்ளியின் கணினி ஆய்வகத் திரையில் கோடுகளாகவோ, கறுப்புச் சாளரமாகவோ தோன்றக்கூடும்.

இத்துறையில் பரவலாகப் பயன்படும் சோதனைத் தொகுப்புகள் வருமாறு:

பிக்லிட்: ஓப்பன்ஜிஎல் இயக்கிகளுக்காக 2007இல் நிக்கோலாய் ஹேன்லே தொடங்கியது.

டீக்யூபி: ஃபின்லாந்தின் டிராஎலிமென்ட்ஸ் நிறுவனம் உருவாக்கியது. 2014இல் கூகுள் அந்நிறுவனத்தை வாங்கியது. குரோனோஸ் குழுமத்தின் வல்கன், ஓப்பன்ஜிஎல் ஒத்திசைவுச் சோதனைகள் இதன்மேல் கட்டப்பட்டவை.

ஐஜிடி: லினக்ஸ் கருனியில் உள்ள வரைகலை இயக்கிகளைச் சோதிக்கும் தொகுப்பு. முதலில் இன்டெல் வன்பொருளுக்காக மட்டும் எழுதப்பட்டது.

எச்சம் தங்கும் இடங்கள்

இடைமுக அமைப்புகள். 1992இல் வெளிவந்த ஓப்பன்ஜிஎல், அடிப்படையில் ஒரு நிலைப்பொறி. ஒரு விசையைத் திருப்பினால், மறுபடி திருப்பும்வரை அது அப்படியே இருக்கும். ஆழச் சோதனையை ஒரு சோதனை நிரல் இயக்கிவிட்டு அணைக்காமல் போனால், அதே சூழமைவில் ஓடும் அடுத்த நிரலின் உருவங்கள் மறைந்துபோகலாம். பிழைக் கொடியும் அப்படித்தான். ஓப்பன்ஜிஎல்லில் பிழை நேர்ந்தால் ஒரு கொடி உயரும். யாராவது அதைக் கேட்டுப் படிக்கும்வரை அது இறங்காது. முதல் சோதனையின் பிழையை இரண்டாம் சோதனை படித்துவிட்டால், தவறு செய்யாத இரண்டாவதே தோற்றதாகப் பதிவாகும்.

நினைவகம். ஓப்பன்ஜிஎல்லில் உள்ளடக்கம் தராமல் ஒரு படப்பரப்பை உருவாக்கினால், அதில் தொடக்கத்தில் என்ன இருக்கும் என்பதை விதிமுறை வரையறுக்கவில்லை. உலாவிக்கான வெப்ஜிஎல் மட்டும், பாதுகாப்புக் கருதி, சுழியத்தால் நிரப்ப வேண்டும் என்கிறது. வேகத்துக்காக மெசாவின் பல இயக்கிகள், விடுவிக்கப்பட்ட நினைவகத் துண்டுகளை ஒதுக்கி வைத்திருந்து, அதே நிரல் மறுபடி கேட்கும்போது துடைக்காமல் தருகின்றன. இது தவறன்று, ஆனால் பழைய படம் அப்படியே திரும்பி வரக்கூடும்.

வட்டுச் சேமிப்பு. ஷேடர் எனப்படும் சிறுநிரல்களை ஒவ்வொரு முறையும் தொகுக்காமல் இருக்க, தொகுத்த வடிவத்தைப் பயனரின் கோப்புறையில் சேமிக்கும் வசதி மெசாவில் 2017இல் வந்தது. தொகுப்பியைச் சோதிப்பவருக்கு இது ஒரு பொறி. இரண்டாம் முறை ஓட்டும்போது தொகுப்பி வேலையே செய்யாமல், பழைய விடை வட்டிலிருந்து வந்துவிடும்.

கருனியும் திரையும். திரையின் தெளிவுத்திறன், வண்ணத் திருத்த அட்டவணை, சுட்டியின் படம் ஆகியவை நிரல் முடிந்த பின்னும் நீடிக்கலாம். கருனிக்குள் ஒரு பூட்டு திறக்கப்படாமல் நின்றுவிட்டால், அதற்குப் பின் ஓடும் எதையும் நம்ப முடியாது.

வன்பொருள். செயலி தொங்கிப்போனால் கருனி அதை மீட்டமைக்கும். அப்போது அதே செயலியில் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த மற்ற சோதனைகளும் பாதிக்கப்படலாம். ஓப்பன்ஜிஎல்லின் உறுதித்தன்மை நீட்சி, மீட்டமைப்புக்குக் காரணமான சூழமைவைக் "குற்றவாளி" என்றும், அகப்பட்டுக்கொண்டதை "நிரபராதி" என்றும், தெரியாதபோது "தெரியவில்லை" என்றும் மூன்று வகையாகச் சொல்கிறது. வெப்பமும் ஓர் எச்சமே. முந்தைய சோதனை செயலியைச் சூடாக்கியிருந்தால் கடிகார வேகம் குறைந்து, வேகத்தை அளக்கும் அடுத்த சோதனை குறைந்த எண்ணைத் தரும்.

தவறான தோல்வியும் தவறான தேர்ச்சியும்

எச்ச நிலையால் இரு வகைத் தவறுகள் நேர்கின்றன. தவறான தோல்வி தொல்லை தரும். ஆனால் கண்ணுக்குத் தெரியும். தவறான தேர்ச்சி கண்ணுக்குத் தெரியாது.

ஒரு சோதனை சிவப்பு முக்கோணம் வரைந்து, நடுப்புள்ளி சிவப்பா என்று பார்க்கிறது என்று கொள்வோம். அதற்கு முந்தைய சோதனையும் அதே அளவுப் பரப்பில் சிவப்பு முக்கோணம் வரைந்தது. இப்போது இயக்கியில் புகுந்த ஒரு பிழையால் வரையும் கட்டளை வன்பொருளைச் சென்றடையவே இல்லை. ஆனால் பரப்புக்குக் கிடைத்தது பழைய நினைவகத் துண்டு. நடுப்புள்ளி சிவப்பாகவே இருக்கிறது. எதுவும் வரையாமலேயே சோதனை தேர்ச்சி பெற்றுவிட்டது.

இன்னொரு வகை, வரிசையால் வரும் தேர்ச்சி. படத்தரவின் ஒவ்வொரு வரிசையும் 4 பைட்டின் மடங்கில் தொடங்கும் என்பது ஓப்பன்ஜிஎல்லின் இயல்பு அமைப்பு. அகலம் 5 புள்ளிகள், புள்ளிக்கு 3 பைட்டு என்றால் ஒரு வரிசை 15 பைட்டு. இயக்கி அடுத்த வரிசையை 16ஆம் பைட்டுக்குப் பின்னரே தேடும். தரவு இடைவெளி இல்லாமல் இருந்தால் படம் சாய்ந்துபோகும். இதைத் தவிர்க்க அமைப்பை 1 என மாற்ற வேண்டும். அதை மறந்த ஒரு சோதனை தனியாக ஓடினால் தோற்கும். அமைப்பை 1 என மாற்றிவிட்டுத் திருப்பி வைக்காத இன்னொரு சோதனைக்குப் பின் ஓடினால் வெல்லும். இரண்டு தவறுகள் சேர்ந்து ஒரு தேர்ச்சியைத் தருகின்றன.

2019இல் வெளிவந்த ஐஃபிக்ஸ்ஃபிளேக்கீஸ் என்னும் ஆய்வு இத்தகைய சோதனைகளுக்குப் பெயர்களிட்டது. மிச்சம் விட்டுச்செல்வது மாசுபடுத்தி. அதனால் தோற்பது பலியாள். பிறர் விட்ட மிச்சத்தின் துணையோடு மட்டும் தேறுவது நொய்ந்த சோதனை. இடையில் ஓடித் தற்செயலாக மாசை நீக்குவது துப்புரவாளர். பொதுவான மென்பொருள்களிலும் இச்சிக்கல் உண்டு. 2014இல் இலினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 51 அப்பாச்சி திட்டங்களில் நிலையற்ற சோதனைகளைத் திருத்திய 201 மாற்றங்களை ஆராய்ந்தனர். வகைப்படுத்த முடிந்தவற்றுள் ஏறத்தாழ 12 விழுக்காட்டுக்குச் சோதனைகளின் ஓட்ட வரிசையே காரணம். வரைகலையில் வன்பொருளும் சேர்ந்துகொள்வதால் காரணத்தைத் தேடுவது மேலும் கடினம்.

எச்சம் பாதுகாப்புக் குறையாகும்போது

எச்ச நிலை, சோதனைக்கூடத்துக்குள் முடிந்துவிடும் சிக்கலன்று. 2024 சனவரி 16 அன்று டிரெயில் ஆஃப் பிட்ஸ் நிறுவனம் "லெஃப்ட்ஓவர் லோக்கல்ஸ்" என்னும் குறையை வெளியிட்டது. இதன் பதிவெண் சிவிஇ-2023-4969. வரைகலைச் செயலிகளின் கணக்கீட்டு அலகுகளுக்குள் உள்ளமை நினைவகம் என்னும் சிறு பகுதி உண்டு. ஆப்பிள், ஏஎம்டி, குவால்காம், இமாஜினேஷன் நிறுவனங்களின் சில செயலிகளில், ஒரு நிரல் முடிந்தபின் அந்தப் பகுதி துடைக்கப்படாமல் இருந்தது. அடுத்து ஓடும் வேறொரு நிரல் அதைப் படிக்க முடிந்தது. ஏஎம்டி ரேடியான் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டி அட்டையில் ஒரு முறைக்கு ஏறத்தாழ 5.5 மெகாபைட்டு கசிந்தது. 700 கோடி அளபுருக்கள் கொண்ட ஒரு மொழி மாதிரியிடம் ஒருவர் கேட்கும் ஒரு கேள்விக்கு இது சுமார் 181 மெகாபைட்டு வரை சேர்ந்தது. மாதிரி தந்த விடையை மீட்டெடுக்க அது போதுமானதாக இருந்தது.

இக்குறையைக் கண்டறிந்த முறை கவனிக்கத்தக்கது. ஒரு நிரல் அடையாள எண்ணால் உள்ளமை நினைவகத்தை நிரப்பும். மற்றொரு நிரல் எதையும் எழுதாமல் அதைப் படித்து, அந்த எண் தென்படுகிறதா என்று பார்க்கும். அதாவது எச்சம் இருக்கிறதா என்பதையே சோதனையாக்கினர்.

தனிமைப்படுத்தும் முறைகள்

1. நிலையை மீட்டமைத்தல். டீக்யூபி பல சோதனைகளை ஒரே செயல்முறைக்குள் ஓட்டுகிறது. அதனால் ஓப்பன்ஜிஎல் சோதனை ஒவ்வொன்றையும் தொடங்குமுன் எல்லா அமைப்புகளையும் இயல்புநிலைக்குக் கொண்டுவருகிறது. முடிவில் துடைப்பதைவிடத் தொடக்கத்தில் துடைப்பது நம்பகமானது. பாதியில் நின்றுபோன சோதனை தன் முடிவுப் பகுதியை அடைவதே இல்லை.

2. தனிச் செயல்முறை. பிக்லிட் இயல்பாக ஒவ்வொரு சோதனையையும் தனிச் செயல்முறையாக (புராசஸ்) ஓட்டுகிறது. அது முடிந்ததும் சூழமைவு, நினைவகத் துண்டுகள், திறந்த கோப்புகள் ஆகியவற்றை இயங்குதளம் விடுவித்துவிடும். வேகம் வேண்டுவோர் இந்தத் தனிமையைத் தளர்த்தவும் பிக்லிட்டில் ஒரு விருப்பத்தேர்வு உண்டு.

3. அடையாள நிறம். வரையுமுன் பரப்பை, விடையில் வர வாய்ப்பில்லாத ஒரு நிறத்தால் நிரப்புதல். மேலே சொன்ன சிவப்பு முக்கோணச் சோதனை முதலில் பரப்பை ஊதாவாக்கியிருந்தால், வரையாத பிழை உடனே பிடிபட்டிருக்கும்.

4. தனிக் கோப்புறை. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் புதிய வெற்றுக் கோப்புறையைத் தருதல், அல்லது ஷேடர் சேமிப்பைச் சூழல் மாறி மூலம் அணைத்தல்.

5. செயலியை ஓய்வுக்குக் கொண்டுவருதல். ஐஜிடியில் இன்டெல் சாதனத்தைத் திறக்கும் செயற்கூறு, நிலுவையில் உள்ள வேலைகள் முடிந்து செயலி ஓய்வடையும்வரை காத்திருக்கும். நிரல் வெளியேறும்போதும் அவ்வாறே செய்யும்படி முன்கூட்டியே பதிவு செய்துவைக்கும். திரையின் முனைய நிலை போன்றவற்றைத் திருப்பி வைக்கவும் இத்தகைய வெளியேற்றக் கையாளிகள் பயன்படுகின்றன.

6. கறை கண்டால் நிறுத்துதல். கடுமையான உட்பிழை நேரும்போது லினக்ஸ் கருனி தன்மேல் ஒரு கறைக் குறியை வைத்துக்கொள்ளும். ஐஜிடியின் ஓட்டுநிரல் இந்தக் குறியைக் கண்காணித்து, கறை படிந்தால் மீதிச் சோதனைகளை ஓட்டாமல் நிறுத்திவிடும்படி அமைக்கலாம். பின்னர் கணினி மறுதொடக்கம் செய்யப்பட்டுச் சோதனை தொடரும்.

7. மின்சாரத்தை நிறுத்தித் தொடங்குதல். மெசாவின் சோதனைக் கூடங்களில் சிறு பலகைக் கணினிகள் ஒவ்வொரு பணிக்கும் புதிதாக வலைவழித் தொடங்கப்படுகின்றன. சில பலகைகளுக்கு வலைக்கம்பி வழியே மின்சாரம் செல்வதால், வலைநிலைமாற்றியிலேயே மின்சாரத்தை நிறுத்தித் திரும்பத் தரலாம். மனிதர் அருகில் இருக்க வேண்டியதில்லை.

விலையும் சமநிலையும்

ஒவ்வொரு சோதனைக்கும் மறுதொடக்கம் செய்தால் எச்சம் ஏறத்தாழ முழுமையாக ஒழியும். ஆனால் அது நடைமுறைக்கு ஒவ்வாது. வல்கன் ஒத்திசைவுத் தொகுப்பில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட சோதனைகள் உள்ளன. மறுதொடக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் 10 லட்சம் நிமிடங்கள், அதாவது ஏறத்தாழ 694 நாட்கள் ஆகும். ஒரு மாற்றத்தை ஏற்கலாமா என்று அறிய இரண்டு ஆண்டுகள் காத்திருக்க முடியாது.

எனவே இடைவழி தேவைப்படுகிறது. டீக்யூபி சோதனைகளை ஓட்ட மெசா குழுவினர் பயன்படுத்தும் டீக்யூபி-ரன்னர், ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது. அது சோதனைகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் ஒரு செயல்முறையில் ஓட்டுகிறது. குழுவின் நடுவில் ஒன்று முறிந்தால், அதற்கு அடுத்ததிலிருந்து புதிய செயல்முறையில் தொடர்கிறது. வரிசை கலைக்கப்படுகிறது, ஆனால் ஒவ்வோர் ஓட்டத்திலும் அதே கலைப்பு வருமாறு செய்யப்படுகிறது. நேற்றுத் தோற்றது இன்றும் அதே அண்டை அயலோடு ஓடினால்தான் காரணத்தைத் தேட முடியும்.

தெரிந்த தோல்விகள், நிலையற்றவை, ஓட்டக்கூடாதவை என மூன்று பட்டியல்களை வைத்திருப்பதும் வழக்கம். லினக்ஸ் கருனியில் உள்ள வரைகலைத் தானியங்கிச் சோதனைக் கோப்புறையிலும் இந்த மூன்று பட்டியல்கள் உண்டு. இதில் ஓர் ஆபத்தும் உண்டு. எச்சத்தால் தோற்ற ஒரு சோதனையை "நிலையற்றது" என்று பட்டியலில் எழுதிவிட்டால், அதன்பின் அது உண்மையான பிழையைக் காட்டினாலும் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மாசுபடுத்தியைக் கண்டுபிடித்தல்

தனியே ஓட்டினால் தேறும் ஒரு சோதனை, தொகுப்பில் 1,001ஆவதாக ஓடும்போது மட்டும் தோற்கிறது என்று கொள்வோம். முன்னே உள்ள 1,000இல் மாசுபடுத்தி எது?

முதலில் அதே வரிசையில் மறுபடி ஓட்டி, தோல்வி திரும்ப வருகிறதா என்று உறுதி செய்ய வேண்டும். பின்பு முன்னுள்ளவற்றை இரு பாதியாக்கி, முதல் 500ஐ மட்டும் ஓட்டி அதன்பின் பலியாளை ஓட்ட வேண்டும். தோற்றால் மாசுபடுத்தி அந்தப் பாதியில் இருக்கிறது, தேறினால் மறுபாதியில். இவ்வாறு பாதி பாதியாகக் குறைத்தால் பத்துச் சுற்றுகளில் ஒன்றில் வந்து நிற்கும். காரணம் ஒரே ஒரு சோதனை என்றால் மட்டுமே இது நேராக வேலை செய்யும். இரண்டு சேர்ந்து மாசுபடுத்தினால், எந்தப் பாதியிலும் தோல்வி வராமல் போகலாம். அப்போது பாதிக்குப் பதிலாகச் சிறு பகுதிகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்க வேண்டும்.

மாசுபடுத்தி கிடைத்தபின் கேட்க வேண்டிய கேள்வி: தவறு யாருடையது? இருவரும் ஒரே சூழமைவில் ஓடியிருந்தால், அமைப்பைத் திருப்பி வைக்காதது சோதனையின் தவறு. தனித்தனிச் செயல்முறைகளில் ஓடியும் ஒன்றின் அமைப்பு மற்றொன்றில் தெரிந்தால், அது இயக்கியின் தவறு. சூழமைவுகளைப் பிரித்து வைப்பது இயக்கியின் பொறுப்பு.

மிகுதியான தனிமையின் குறை

தனிமைப்படுத்தல் கூடக்கூட நல்லது என்று சொல்லிவிட முடியாது. வீட்டில் கணினியைப் பயன்படுத்துபவர் உலாவியை மூடிவிட்டுக் காணொளியைத் திறக்கும்போது இடையில் மறுதொடக்கம் செய்வதில்லை. ஒரு செயலியின் எச்சம் மற்றொன்றைப் பாதிக்கும் பிழை இயக்கியில் இருந்தால், அவர் அதை நேரில் சந்திப்பார். ஒவ்வொரு சோதனையையும் தூய சூழலில் மட்டுமே ஓட்டும் கூடமோ அதை ஒருபோதும் காணாது. சூழமைவு மாறும்போது ஒரு பதிவகத்தை மீண்டும் எழுத இயக்கி மறந்தது போன்ற பிழைகள் இவ்வகையின.

ஆகவே இரண்டு வகை ஓட்டங்களும் தேவை. ஒரு மாற்றத்தால் எது கெட்டது என்று அறியத் தனிமையான, வரிசை மாறாத ஓட்டம். எச்சத்தால் என்ன கெடும் என்று அறிய, பலவற்றை ஒரே நேரத்தில், வேண்டுமென்றே வரிசை மாற்றி, நீண்ட நேரம் மறுதொடக்கமின்றி ஓட்டும் ஓட்டம். பின்னதில் பயன்படுத்திய வரிசையைத் தவறாமல் பதிந்து வைக்க வேண்டும். இல்லையேல் கிடைத்த தோல்வியை மறுபடி உண்டாக்க முடியாது.

மாணவர்கள் செய்து பார்க்க

தனி வரைகலை அட்டை இல்லாத கணினியிலும் இதைக் கற்கலாம். மெசாவில் உள்ள எல்எல்விஎம்பைப் என்னும் மென்பொருள் வரைவி, மையச் செயலியிலேயே ஓப்பன்ஜிஎல்லை இயக்கும். அதில் இரண்டு சிறு சோதனைகளை ஒரே சூழமைவில் ஓடும்படி எழுதலாம். முதலாவது ஆழச் சோதனையை இயக்கி, அருகில் ஒரு சதுரம் வரைந்து, எதையும் திருப்பி வைக்காமல் முடியட்டும். இரண்டாவது ஆழ நினைவகத்தைத் துடைக்காமல், சற்றுப் பின்னால் ஒரு முக்கோணம் வரையட்டும். இரண்டாவதை முதலில் ஓட்டினால் முக்கோணம் தெரியும். வரிசையை மாற்றினால் சதுரத்தின் பின்னால் மறைந்துவிடும். பின்பு இரண்டாவதன் தொடக்கத்தில் ஆழச் சோதனையை அணைக்கும் ஒரு வரியைச் சேர்த்துவிட்டு, மறுபடி இரு வரிசையிலும் ஓட்டிப் பார்க்கலாம்.